முத்துக்குமரன் அண்ணனின் மாடி ரயில்

முத்துக்குமரன் அண்ணன் இன்று காலை இறந்துவிட்டார். மாரடைப்பு... கடை ஷட்டரைத் தூக்கும்போதே.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுத்த எல்லாருக்கும் அவரைத் தெரியும். ஊருக்கே காப்பி எடுத்துக் கொடுத்தவர். ஆள் மட்டும் ஒரிஜினல்.

நம்ம ஊரில் ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்கவே அரியலூர் போகணும். அந்தக் கடுப்பில் கடை மாடியில் ஒரு குட்டி ரயில்வே போட்டிருந்தார். கட்டில் அளவுப் பலகை, தண்டவாளம், ஒரு ஸ்டேஷன், ஒன்பது எஞ்சின்.

பழைய கண்ட்ரோலரில் ஒரே திருகுதான். திருப்பினால் தண்டவாளம் முழுக்க கரண்ட், மேலே நிற்கிற எல்லா எஞ்சினும் சேர்ந்து கிளம்பும்.

"அண்ணே, இது ரயிலா, மாப்பிள்ளை ஊர்வலமா?" என்பேன்.

"வாயி மட்டும் எக்ஸ்பிரஸ்டா ஒனக்கு" என்பார்.

என் தொல்லை தாங்காமல்தான் டிஜிட்டலுக்கு மாறினார். பழைய கண்ட்ரோலரை அரியலூர் நண்பர் ஒருவருக்குக் கொடுத்தேவிட்டார். இனி எஞ்சினுக்குள் ஒரு சிப், அதற்கு ஒரு நம்பர். ரிமோட்டில் அந்த நம்பரைப் போட்டால் அந்த எஞ்சின் மட்டும் நகரும்.

முதலில் நீல டீசல். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூச்சை அடக்கி, ஈயத்தை உருக்கி, சிப்பை அவரே சால்டர் செய்தார். நம்பர் 3... ஓடியது!

"டேய், நான் சொன்னா கேக்குதுடா! வூட்ல கூட இப்படி யாரும் கேட்டதில்ல!"

அடுத்த ஞாயிறு. அவர் கஸ்டமரைப் பார்க்கக் கீழே போன கேப்பில், ரிமோட்டை எடுத்து, சிப்பில் இருந்த அந்த 3-ஐ நான் 77 ஆக்கிவிட்டேன். சும்மா... விளையாட்டுக்கு.

வந்து 3 அழுத்தினார். அசையவில்லை. மறுபடியும் அழுத்தினார்.

"சூடு அதிகமா வச்சு சிப்பக் கருக்கிட்டேன் போலருக்கு. ஏங் கைதான்டா சரியில்ல."

நான் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் சொல்லலாம் என்று இருந்தேன். அப்புறம் டியூஷன், டெஸ்ட்... மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, சொல்லப் பயம்.

மற்ற எட்டு எஞ்சினையும் அவர் தொடவே இல்லை. சிப் இல்லாமல் புதுக் கரண்டில் வைத்தால் மோட்டார் கருகிவிடும். "வேணாம்டா, இருக்கறதையும் கெடுத்துடுவேன்." மூன்று வாரம் மாடியில் ஒரு வண்டியும் ஓடவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

இன்று அவர் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அழுத கண்ணோடு என்னையே பார்த்தார்.

"நேத்துகூட அதத்தான் பிரிச்சு வச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தம்பி..."

அண்ணே, நீங்கள் சால்டர் செய்தது சரியாகத்தான் இருந்தது.

போயிட்டு வாங்க.