பூஜைக்கு முன்பே விழுந்த வண்டி

கீரனூரிலிருந்து புதுக்கோட்டைக்குத் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போய் அலுத்துவிட்டது. ஸ்கூட்டர் விலையை விசாரிக்க மட்டும் ஒரு ஷோரூமுக்குப் போனேன்.

விற்பனையாளர் விடவில்லை. "சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கக்கா, ஓட்டிப் பாத்தாத்தானே தெரியும்" என்று, வாசலில் நின்ற சிவப்பு ஸ்கூட்டரின் சாவியைக் கையில் திணித்தார். நம்பர் பிளேட் இல்லையே என்றேன். "டெஸ்ட் வண்டிதாங்க, ஒண்ணும் ஆகாது."

அடுத்த முக்கில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. பிரேக்கைப் பிடித்ததும் வண்டியோடு சரிந்தேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. வண்டிக்குப் பக்கவாட்டில் நீளமாக ஒரு கீறல்.

தள்ளிக்கொண்டு திரும்பினால், வாசலில் மாலையும் எலுமிச்சம்பழமுமாக ஒரு கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். டெஸ்ட் வண்டி சர்வீஸில் இருந்ததாம். நான் ஓட்டியது அவர்கள் புக் செய்து, நல்ல நேரம் பார்த்து எடுக்க வந்த வண்டி!

கீறலைச் சரிசெய்து தருவதாக விற்பனையாளர் கெஞ்சினார். அந்தப் பெண் அசையவில்லை. "பூசை போடுறதுக்கு முன்னாடியே விழுந்திருச்சு. எங்களுக்கு வேணாங்க."

விற்பனையாளர் என் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்கதாங்கக்கா எடுத்துக்கணும்."

போலீசுக்குப் போவேன் என்றேன்.

"போங்க. நம்பர் இல்லாத வண்டிய ரோட்டுல ஓட்டுனது யாருன்னுதான் மொதல்ல கேப்பாங்க."

வேறு வழியில்லாமல் முன்பணம் கட்டினேன். சாவி இன்னும் என் கையில்தான் இருந்தது. கிளம்பும்போது அந்தப் பெண் எலுமிச்சம்பழத்தை என்னிடம் நீட்டி, "டயருக்கு அடியில வச்சு ஏத்திட்டுப் போங்கக்கா" என்றாள்.

இப்போதெல்லாம் யார் சாவியை நீட்டினாலும், நம்பரையும் இன்சூரன்ஸையும் பார்க்காமல் நான் கையை நீட்டுவதில்லை. தினமும் வேலைக்குப் போவதென்னவோ அந்தச் சிவப்பு ஸ்கூட்டரில்தான்.