டெம்பரரிக் கொட்டிலுக்குச் சீமெந்துத் தரை

டெம்பரரி என்ற ஆங்கிலச் சொல்லை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் அப்பா. திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களின் துருவைச் சுரண்டிப் பெயின்ற் அடிக்கிற வேலை அவருக்கு. "இப்ப டெம்பரரிதான். ஒழுங்கா நிண்டா பெர்மனன்ட் ஆக்குவினம்" என்று அம்மாவிடம் சொல்லுவார். கொஞ்சம் பொறுத்தால் நல்லது வரும் என்பதுதான் அன்று நாங்கள் அதற்கு வைத்திருந்த அர்த்தம். தலை நரைக்கும் வரை ஒழுங்காக நின்றார். ஓய்வூதியம் கேட்கப் போனபோது, டெம்பரரிக்காரருக்கு அது கிடையாது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். அதன் பிறகு சாகும்வரை அந்தச் சொல்லை அவர் வாயால் சொல்லவேயில்லை.

பிறகு சுனாமியில் கடல் வந்து சாம்பல்தீவில் இருந்த எங்கள் வீட்டைக் கொண்டுபோனது. அம்மாவுக்கும் எனக்கும் தகரக் கொட்டில் ஒன்று தந்தார்கள். டெம்பரரி ஷெட் என்று பெயர். ஆறு மாதத்தில் கல்வீடு தருவோம் என்றார்கள். தகரம் துருப்பிடித்து, மாற்றிய தகரமும் துருப்பிடித்தது. அங்கே யாரும் தென்னை வைப்பதில்லை, தரைக்குச் சீமெந்து போடுவதில்லை. போட்டால், இங்கேயே குடியிருந்துவிட்டார்கள் என்று எழுதி, கல்வீட்டுப் பட்டியலில் பெயரை வெட்டிவிடுவார்கள் என்ற பயம். டெம்பரரியாகத் தெரியவேண்டும் என்பதற்காகவே சனம் மண்ணில் படுத்தது. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாரியில் பாய் நனையும். முழங்கால் நோவோடு அம்மாவால் ஈரமண்ணிலிருந்து எழும்ப முடியாது. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்ததும் டெம்பரரி ரீச்சர் வேலைதான். முதல் சம்பளத்தில் சீமெந்து வாங்கினேன். பக்கத்துக் கொட்டில் அக்கா ஓடி வந்தார்.

"பிள்ளை, போடாதேங்கோ. பேரை வெட்டிப்போடுவாங்கள்."

"அம்மாவின்ர முழங்கால் டெம்பரரி இல்லை, அக்கா" என்றேன். என் வாய்க்கொழுப்பு.

அடுத்த முறை கணக்கெடுக்க அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்தவர் செருப்போடு உள்ளே வந்து தரையைக் காலால் தட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் போட்டிருக்கிறியள். அப்ப இதுதானே உங்கட வீடு" என்று எழுதிக்கொண்டு போனார். பட்டியலில் அம்மாவின் பெயர் வரவில்லை. மண்தரைக்காரர் எல்லோருக்கும் கல்வீடு கிடைத்தது. அந்த அக்கா சாமான் ஏற்றிக்கொண்டு போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வந்து எழுதியவர் மீதுள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. என் மீதுள்ளது அதைவிடப் பெரியது.

இப்போது வகுப்பில் அந்தச் சொல் வந்தால் தற்காலிகம் என்று கரும்பலகையில் எழுதுகிறேன். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். அது பிழையான அர்த்தம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

அம்மா இன்னும் அந்தக் கொட்டிலில்தான் இருக்கிறார். யாராவது வந்தால் கதிரையில் இருத்த முன்னமே தரையைத்தான் காட்டுவார்.

"என்ர மகள் போட்டுத் தந்தது" என்பார்.

ஒரு தடவையாவது என்னை ஏசியிருக்கலாம்.