இடுப்பில் கை வைத்த வீரன்

என் கணவர் பெரிய கலைஞர். நான் சொல்லவில்லை, அவருடைய வாட்ஸ்அப் குழு சொல்கிறது. பழைய சூப்பர் ஹீரோ பொம்மைகளின் மேல் பித்துப் பிடித்த ஐம்பது ஆண்கள் அதில் இருக்கிறார்கள். எல்லோருக்கும் நாற்பத்தைந்து வயதுக்கு மேல், பாதிப் பேருக்குச் சர்க்கரை. பேண்டுக்கு மேல் ஜட்டி போட்டுக்கொண்டு உலகத்தைக் காப்பாற்றியவர்களை நினைத்து இவர்கள் உருகுவதைப் பார்த்தால், நம் வீட்டுக் குழாய் ஒழுகுவதை யாராவது இப்படி நினைத்து உருகமாட்டார்களா என்று ஏக்கமாக இருக்கும்.

கடையில் விற்கிற பொம்மை இவர்களுக்கு ஆகாது. பள்ளிக்கூட நாளில் டெஸ்குக்கு அடியில் ஒளித்துப் படித்த காமிக்ஸில் வந்து, எந்தக் கம்பெனியும் பொம்மையாகப் போடாத நாயகர்கள்தான் வேண்டும். அதுவும் அந்தக் காலத்து வார்ப்பிலேயே வேண்டும். ஒரு சாண் உயரம், தைத்த துணி உடுப்பு, மடங்குகிற கை கால், கழற்றி மாட்டுகிற தலை. அதைச் செய்து தர உலகத்திலேயே ஒரு ஆள்தான் உண்டு, அவர் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறார் என்று குழு நம்பியது. ஹாலில் உட்கார்ந்திருந்தது உண்மைதான். செய்தது நான்.

நான் தில்லைநகர்ப் பக்கம் ஒரு பல் லேபில் வேலை பார்க்கிறேன். டாக்டர் வாய்க்குள் அளவெடுத்து அனுப்புவார். நான் பிளாஸ்டரில் அச்சு வார்த்து, மெழுகில் ஈறு செதுக்கி, பல் அடுக்கி, பல்செட்டாக முடித்து அனுப்புவேன். இருபத்திரண்டு வருஷமாக லால்குடியிலும் துறையூரிலும் யார் யாரோ நான் அடுக்கிய பல்லால் முறுக்குக் கடிக்கிறார்கள். அவர்கள் முகம் எனக்குத் தெரியாது, என்னை அவர்களுக்குத் தெரியாது. பேரெல்லாம் டாக்டருக்குப் போகும். போகட்டும், அது சம்பளத்துக்குச் செய்கிற வேலை.

பொம்மை அப்படி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர் ராஜகோபுரத்துக் கடையில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை வாங்கி வந்து, மார்க்கரால் முகமூடி வரைந்துகொண்டிருந்தார். கண்ணில் மருந்து விட்டு உட்காரவைத்த நோயாளி மாதிரி இருந்தது. பார்க்கச் சகிக்காமல் பிடுங்கினேன். மூக்கை மட்டும் சரி பண்ணலாம் என்று மெழுகுக் கத்தியை எடுத்தவள், பழைய தலையை அறுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு தலையே செய்து முடித்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. இந்த அளவு, இந்த நிறம் என்று சீட்டு எழுதி அனுப்ப ஆளில்லை. தாடையை எவ்வளவு அகலமாக வைப்பது என்பது என் இஷ்டம். வாய் திறந்த ஹீரோவுக்கு அரிசிக் குருணை அளவில் பல் அடுக்கினேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இவர் அதைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார். முதல் பொம்மைக்கு 'வீட்ல செஞ்சது' என்று எழுதினார். இரண்டாவதற்கு 'நாங்க செஞ்சது'. நாலாவது பொம்மைக்குள் 'நான் செஞ்சது' ஆகிவிட்டது. கேட்டேன்.

"குரூப்புல லேடீஸ் யாரும் இல்லம்மா. ஏதாவது கிண்டல் பண்ணுவானுங்க. உன் நல்லதுக்குத்தான்."

என்ன ஒரு தயாள குணம். பொம்மையை மொட்டை மாடிக்கு எடுத்துப் போய்க் கோபுரம் பின்னால் தெரிகிற மாதிரி நிற்கவைத்துப் படம் எடுப்பார், அதுதான் இவர் உழைப்பு. அப்புறம், கேட்கிறவனுக்கெல்லாம் "ஒரு மாசத்துல ரெடி பண்ணிடறேன் சார்" என்று வாக்குக் கொடுப்பார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இவருக்கு நெய்யும் பெண்டாட்டி, கையும் பெண்டாட்டி. நாலு வருஷத்தில் முப்பத்தோரு பொம்மை செய்தேன். எதிர்வீட்டு அம்மா கொலுவுக்கா என்று கேட்டபோது, ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பரிசு வேண்டாம், பாராட்டு வேண்டாம். இதை இவள் செய்தாள் என்று ஒரே ஒருவர் வாயால் ஒரு தரம் வந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

போன வருஷம் அந்தக் குழு கண்டோன்மென்ட்டில் ஒரு சின்ன ஹால் பிடித்து ஒன்றுகூடியது. என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவே நானும் போனேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனது தப்பு. உள்ளே நுழைந்ததும் ஒருவர் "காபி எப்ப வரும் சிஸ்டர்?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். மேஜை மேல் என் பொம்மைகள் வரிசையாக நின்றன, பக்கத்தில் இவர் நின்றார்.

குழுவுக்கு நீதிபதி மாதிரி ஒரு பெரியவர் இருந்தார், லால்குடியில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு பொம்மையாகப் பார்த்து, "பல்லக் கூட விடல பாருங்க" என்று சிரித்தார். சிரித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேல் வரிசையில் நடுப் பல் இரண்டுக்கும் இடையில் ஒரு இடுக்கு. 'இடுக்கை மூட வேண்டாம், அது பேஷண்டின் அடையாளம்' என்று டாக்டர் சீட்டில் எழுதி அனுப்பிய அதே வாய். அந்த இடுக்குக்காக மூன்று தடவை கலைத்து அடுக்கியிருக்கிறேன். அந்த மனிதர் என் பல்லைக் காட்டிக்கொண்டு என் பொம்மைக்காக என் கணவரைப் புகழ்ந்துகொண்டிருந்தார். இவர் என்னைக் கைகாட்டி 'மிஸஸ்' என்றதும் பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்டுக்காரர் கையில சரஸ்வதி இருக்காம்மா. குடுத்து வெச்சவங்க நீங்க. துணியாவது நீங்க தெச்சீங்களா?"

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருவர் வாய்க்குள் இருப்பதைச் சபையில் சொல்வது எங்கள் தொழிலில் கிடையாது. சும்மா தலையாட்டினேன்.

அப்புறம் அவர் இவரிடம், "தலையைக் கழட்டுங்க சார், உள் வேலையைப் பாப்போம்" என்றார்.

தலை கழல்வதற்கு, பல்செட்டுக்குப் போடுகிற கம்பியில் ஒரு கொக்கி வைத்திருந்தேன். பிடரியை அழுத்தி இடது பக்கம் நகர்த்த வேண்டும். நாலு வருஷத்தில் ஒரு பொம்மைக்காவது தலையைக் கழற்றியிருந்தால் இவருக்குத் தெரிந்திருக்கும். இழுத்தார், திருகினார், காதைப் பிடித்துத் தூக்கினார். "இந்த வெயிலுக்கு உள்ள இறுகிடுச்சு சார்" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கடைசியில் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனுஷனைப் பற்றிக் கவலையில்லை, கழுத்து உடைந்துவிடுமே என்றுதான் எழுந்து போனேன். வாங்கி அழுத்தினேன், தலை கையோடு வந்தது.

எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். இதோ, இப்போது சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

"பாத்தீங்களா," என்றார் பெரியவர். "வீட்டம்மாவையும் எப்படி ட்ரெயின் பண்ணி வெச்சிருக்காரு சார்."

எல்லோரும் கை தட்டினார்கள். என் கணவர் மார்பை நிமிர்த்தி, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, அடக்கமாகச் சிரித்தார். மற்றதெல்லாம் போகட்டும், அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னார், "எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்ட."

"அவ செஞ்சான்னு ஒரு வார்த்த சொன்னா உங்களுக்கு என்னங்க குறைஞ்சு போயிடும்?"

அவர் ஜன்னல் வழியாகக் காவிரியைப் பார்த்தார். "தண்ணி நல்லா போகுது," என்றார்.

முப்பத்திரண்டாவது பொம்மைக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். ஊதா உடுப்பு, பொன்னிறப் பெல்ட், பெல்ட்டுக்கு மேல் வழிகிற தொப்பை. கண்ணை மட்டும் மறைக்கிற முகமூடி. நிமிர்ந்த மார்பு, இடுப்பில் ஒட்டிய இரண்டு கை. மூட்டே வைக்கவில்லை. வாயில் அந்த அடக்கமான சிரிப்பு. வலது கோரைப்பல் பக்கத்துப் பல்லின் மேல் ஏறி நிற்கும் இவருக்கு, அதையும் விடவில்லை. இருபது வருஷம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட வாய், அதற்கு அளவு வேண்டியிருக்கவில்லை.

மேஜை மேல் வைத்தேன்.

"யாரு இது?"

"எந்தக் கதையிலயும் வராதவரு. நானா யோசிச்சது."

"கை அசையலையே."

"அசைச்சு வேலை செய்யற ஆள் இல்லீங்க இவரு."

யாருக்குத்தான் தன் சிரிப்பு தெரிந்திருக்கிறது. மாடிக்குக் கொண்டு போனார், கோபுரத்தோடு படம் எடுத்தார், 'என் புதிய படைப்பு, முழுக்க என் சொந்தக் கற்பனை' என்று எழுதிப் போட்டார்.

நான் இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது போனைப் பிடித்தபடி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. 'சார், இது நீங்கதானே?' என்று ஒருவர் கேட்டிருந்தார். இன்னொருவர், அன்றைக்கு ஹாலில் இவர் இடுப்பில் கை வைத்து நின்ற போட்டோவைத் தேடி எடுத்துப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். 'தனக்குத்தானே சிலை வெச்ச முதல் ஆளு' என்று மூன்றாமவர். அதற்குக் கீழே சிரிக்கிற மூஞ்சிகள் வரிசை வரிசையாக.

"என்னடி பண்ணி வெச்சிருக்க?"

"நான் என்ன பண்ணேன்? உங்க படைப்புன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க."

தன்னையே ஹீரோவாகச் செய்துகொண்ட அசடு என்று பேர் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் செய்தது யார் என்று சொல்ல வேண்டும். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் அனுப்பியதை எட்டிப் பார்த்தேன். 'இது ஒண்ணு மட்டும் என் மிஸஸ் செஞ்சது.'

இது ஒண்ணு மட்டும். அப்போதும் முப்பத்தொன்றை விட மனசு வரவில்லை மகராஜனுக்கு. சிரிப்புதான் வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

கொஞ்ச நேரத்தில் லால்குடிப் பெரியவரிடமிருந்து பதில் வந்தது. 'பழைய போட்டோவெல்லாம் பெருசு பண்ணிப் பாத்தேன். பல்லு அடுக்கின கை எல்லாத்துலயும் ஒண்ணுதான். பல்லு விஷயத்துல என் கண்ணு தப்பாது. அம்மா, எல்லாம் நீங்க செஞ்சதா?'

இவர் போனை அணைத்துச் சட்டைப் பையில் போடப் போனார். மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கை நீட்டினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் கொடுத்தார். 'ஆமாம் சார், நான்தான்' என்று எழுதி அனுப்பிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் அதை வாசித்தார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், சமையலறை வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.