அப்பாவின் காய்ச்சலும் புதிய சட்டமும்

அப்பா காய்ச்சலில் கிடந்தபோது எங்கள் வீட்டில் இரண்டு செய்திகளுக்குக் காத்திருந்தோம். ஒன்று வைத்தியரிடமிருந்து, மற்றது திருவனந்தபுரத்திலிருந்து.

நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது; எங்கள் ஆட்களுக்கு மருமக்கள் வழி. ஒருவர் கண்ணை மூடினால் வீடும் வயலும் அவருடைய சகோதரியின் மகனுக்குப் போகும். மனைவி மக்களுக்கு எவ்வளவு என்பது கொடுப்பவர் மனசைப் பொறுத்தது. அம்மா பிறந்த வீட்டில் எங்களுக்கு உரிமை உண்டுதான். ஆனால் அங்கே வழக்கு நடத்தியே நிலமெல்லாம் கரைந்திருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் இதையெல்லாம் மாற்றச் சட்டம் வருகிறது என்று பேச்சு அடிபட்டது. வரும் வரும் என்றார்களே தவிர, வந்தபாடில்லை.

அம்மா சர்க்காரை நம்பவில்லை. சட்டம் வருவதற்குள் அப்பா போய்விட்டால்? என்னை அத்தை மகனுக்குக் கட்டிவைத்துவிடத் துடித்தாள்.

"அவனைக் கெட்டிக்கிட்டா நாம இந்த வீட்டிலேயே கெடக்கலாம் மக்கா. இல்லேன்னா ஒன் தம்பியையும் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?"

எனக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை.

அத்தையும் வந்து தங்கியிருந்தாள். கட்டிலின் ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் அத்தை. பாவம் அத்தை, கூடப்பிறந்தவன் மேல் உயிராக இருந்தவள். ஆனாலும் அப்பா இருமினால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அப்பா பிழைக்க வேண்டும் என்று நான் வேண்டியதில் பாதி எனக்காகத்தான்.

காய்ச்சல் இறங்கியது. பின்னாலேயே சட்டமும் வந்தது. நாகர்கோவில் கோர்ட்டுக்குப் போய்வந்த தாய்மாமா, "இனி அப்பன் சொத்துல பிள்ளையளுக்கும் உண்டும்" என்றார். அப்பா எழுந்து நடமாடியதும் வயலில் ஒரு பகுதியை எங்களுக்கென்று பிரித்துவைத்தார். அம்மாவுக்குக் கல்யாண அவசரம் போய்விட்டது.

"இனி ஒன் இஷ்டம்" என்றாள். எனக்கும் இஷ்டம் என்று ஒன்று உண்டு என்பதே அன்றுதான் அவளுக்கு நினைவு வந்தது போலும்.

அத்தான் சின்ன வயதிலிருந்தே அந்த வயலில் கிடந்து பாடுபட்டவர். எல்லாம் உனக்குத்தான் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருந்தார்கள். சட்டம் எழுதியவர்களுக்கு அவரைத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஒரு சாயங்காலம் களத்தில் நெல்லைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தேன். அத்தான் வந்து நின்றார்.

"முன்ன ஒன்கிட்ட யாரும் கேக்கல்ல. கேக்கணும்னு எனக்கும் தோணல்ல. இப்பம் கேக்கேன். ஒனக்குச் சம்மதமா?"

இத்தனை நாள் நான் வெறுத்தது இவரையா, அந்தக் கட்டாயத்தையா? இவர் கேட்பது என்னையா, கைவிட்டுப் போன வயலையா? அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நின்று யோசிக்கவும் பயமாக இருந்தது.

"வேண்டாம் அத்தான்."

"சரி" என்றார். நெல்மூட்டையைத் தூக்கி எங்கள் நெல் அறைக்குள் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் பார்த்தால், எங்களுக்கென்று பிரித்த வயலுக்கு அத்தான்தான் மடை திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். சட்டம் வருமுன்பே அவருக்குக் கட்டிவைத்திருந்தால் அம்மாவைக் குறை சொல்லியிருக்கலாம், பழைய வழக்கத்தைத் திட்டியிருக்கலாம். 'வேண்டாம்' என்றது நான். என் வருத்தத்துக்குப் பழி போட ஆள் தேடினேன்; ஒருவரும் அகப்படவில்லை.