தேரி மணலில் என் செருப்புத் தடம்

எழுத்து ஒரே அளவில் இல்லை, வரியும் மேலே ஏறி இறங்குகிறது. மன்னியுங்கள். இதை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. அறுபத்து மூன்று வயதில், நான் எழுதியதை நானே வாசிக்கிறேன் என்பதில் எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

நம் பிள்ளைப்பாக்கம் மாலை வகுப்பில் சிலர் மாசியில் திருச்செந்தூர் போகப்போவதாகச் சொன்னார்கள். அவர்களுக்கு வழி சொல்லத்தான் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு.

இந்த 1991 புரட்டாசியில் நான் அங்கே போனேன். நம் ஏரியைப் படம் எடுக்க மெட்ராஸிலிருந்து ஒரு சார் வந்தாரே, அவருடைய பெரிய மரக் கேமராவைச் சுமந்தவன் நான்தான். அந்தப் பக்கத்து மணல்மேடான தேரிக்காட்டில் சூரியன் உதிப்பதை எடுக்க அவர் மூன்று வருடமாக ஆசைப்பட்டிருந்தார். சுமக்க என்னைக் கூட்டிப்போனார்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மெட்ராஸ் நாற்பது கிலோமீட்டர், பஸ்ஸில் ஐந்து ரூபாய். எழும்பூரில் மாலை ரயில் ஏறினால் மறுநாள் பகல் பதினோரு மணிக்குத் திருநெல்வேலி. ரயில் டிக்கெட் சார் எடுத்தார், விலை தெரியாது. அங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் திருச்செந்தூர். லாட்ஜ் அறை நாற்பது ரூபாய். தேரி பன்னிரண்டு கிலோமீட்டர்; இரண்டு தடவை போய்வர வாடகைக் காருக்கு இருநூறு ரூபாய்.

முதல் நாள் சாயங்காலமே இடம் பார்த்தோம். செம்மண் அல்ல, சிவப்பு மணல். ஆடிக்காற்று ஓய்ந்த பிறகு யாருமே மிதிக்காமல், வரி வரியாகக் கிடந்தது. கேமராவின் பின்கண்ணாடியில் அது தலைகீழாகத் தெரிந்தது: மணல் மேலே, வானம் கீழே. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கேமராவுக்கு முன்னால் ஒருவரும் நடக்கக் கூடாது என்று சார் இரண்டு முறை சொன்னார்.

விடியற்காலை நாலேகாலுக்கு அங்கே இருந்தோம். கேமராவும் முக்காலியும் சேர்ந்து இருபது கிலோ. இறக்கிவைத்ததும் எனக்கு வெளிக்குப் போக வேண்டியிருந்தது. பின்னால் சார் உட்கார்ந்து டீ குடிக்கிறார், இரண்டு பக்கமும் உடைமர முள். பெரிய மனிதர் பக்கத்தில் எப்படி உட்காருவது? நம் ஊரில் ஏரிக்கரை தாண்டிப் போகிறவர்கள்தானே நாம். இருட்டில் தடம் தெரியவா போகிறது என்று நேரே முன்னால் மணலில் இறங்கி, அங்கே இருந்த ஒரு பள்ளத்துக்குப் போய், அதே வழியில் வந்தேன்.

ஆறு மணிக்கு வெளிச்சம் வந்தது. கேமராவின் கறுப்புத் துணிக்குள் இருந்த சார் தலையை வெளியே எடுத்தார்.

"யாருய்யா இதுல நடந்தது?"

அந்த நேரம் பார்த்து, காய்ந்த பனையோலை பொறுக்க ஓர் அம்மா வந்துகொண்டிருந்தாள்.

"ஓல பொறுக்கறவங்க சார். இவங்கதான் நடந்துகினு இருந்திருப்பாங்க" என்றேன்.

சார் அவளைத் திட்டினார். எழுதக் கூடாத வார்த்தைகள். அவள், தான் இப்போதுதான் வருவதாகவும் தன் காலில் செருப்பே இல்லை என்றும் சொன்னாள். அவர் கேட்கும் நிலையில் இல்லை. அன்று மாலையே எங்களுக்கு ரயில். இருந்தது அந்த ஒரு விடியல்தான். தடத்தோடேயே எடுத்தார்.

கிளம்பும்போது ஓலைக்கட்டைத் தலையில் தூக்கிவிடச் சொல்லி அவள் என்னைக் கூப்பிட்டாள். தூக்கிவிட்டேன். மெல்லக் கேட்டாள்:

"செருப்பு புதுசோ அண்ணாச்சி? தடம் நல்லா விழுந்திருக்கு."

சிரித்தாள் என்றே நினைக்கிறேன். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சார் எனக்கு ஒரு பிரதி அனுப்பினார். அதைத்தான் நம் வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை நீங்கள் யார் தடம் என்று கேட்டீர்கள். ஒரு பொம்பளை என்றேன். இரண்டாவது தடவையும் அவள் தலையில் போட்டேன்.

போகிறவர்களுக்கு: தண்ணீர் எடுத்துப்போங்கள். பத்து மணிக்கு மேல் மணல் சுடும், செருப்பு வேண்டும். வெளிக்குப் போவதை லாட்ஜிலேயே முடித்துவிடுங்கள். அங்கே ஓலை பொறுக்கும் அம்மாவைப் பார்த்தால் பெயரைக் கேட்டு வாருங்கள். நான் கேட்கவில்லை. இப்போது எனக்கு எழுதத் தெரிந்தும், பெயர் தெரியாமல் அவளுக்கு எழுத வழியில்லை.

சாருக்கு எழுதலாம். முகவரி படத்தின் பின்னால் இருக்கிறது. உண்மையை என் கையாலேயே எழுதி, வரும் வாரம் தபாலில் போடுவேன். அதன் நகலை அந்தப் படத்துக்குக் கீழே ஒட்டுவேன். அதற்கு அடுத்த திங்கட்கிழமை அது அங்கே இல்லையென்றால், எல்லோர் முன்னாலும் என்னை எழுப்பி நிறுத்தி, யார் தடம் என்று மறுபடி கேளுங்கள்.