மேட்ரனம்மா கேஜில் இறங்கிய நாள்

விளக்கு வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது ஒரு வெள்ளை ஷூ. தங்கச் சுரங்கத்தின் அடியாழத்தில் வெள்ளை ஷூவுக்கு என்ன வேலை? சாகப்போகிறோம், அதனால்தான் கண்ணுக்கு ஏதேதோ தெரிகிறது என்று நினைத்தேன். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பகல் ஷிப்டில் பாறை வெடித்துச் சரிந்ததில் என் வலது கால் கல்லுக்கடியில் மாட்டிக்கொண்டது. கூட அடிபட்ட இரண்டு பேரை மேலே கொண்டுபோய்விட்டார்கள். அந்த இரண்டு பேருக்கும் டாக்டர் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். ஜாக்கி வைத்துக் கல்லைத் தூக்கும்வரை ரத்தம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் காலை வெட்ட வேண்டியதுதான். டாக்டர் வர முடியாததால் ஆஸ்பத்திரி மேட்ரன் இறங்கி வந்திருந்தார்.

அவரைப் பற்றி எங்கள் தொழிலாளர் குடியிருப்பு லைன் முழுக்கப் பேச்சு. ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. உலகப்போரின்போது சீமையில் இருந்தவர். தொழிற்சாலையில் செய்து முடித்த போர் விமானங்களை ஓட்டிப்போய்ப் பட்டாளத்தாரிடம் ஒப்படைப்பது வேலை. இன்னும் பல பெண்களும் அந்த வேலை பார்த்தார்களாம். எல்லாம் சரி, ஆனால் சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கேஜில் ஏற மட்டும் பயம். ஆகாயத்தில் தனியாகப் பறந்தவருக்கு இந்தக் கூண்டைக் கண்டு நடுக்கமா என்று கேலி பேசுவோம். நானும் பேசியவன்தான். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

“இன்னா மேன், முழிச்சினு கீறியா?” என்று பக்கத்தில் உட்கார்ந்தார். கை வெடவெடவென்று ஆடியது.

“கேஜு பயமா மேட்ரனம்மா?” அந்த வலியிலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“பயந்தான். பிளேன்ல பிடி எங்கையில இருந்துச்சு. இங்க கேஜு கயிறு மேல எவன் கையிலயோ கீது.”

தொடையில் துணியை முறுக்கிக் கட்டினார். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் தளர்த்துவார், மறுபடி இறுக்குவார். அந்தத் துணியில் கை வைத்ததும் நடுக்கம் நின்றுவிடும். மூன்று மணி நேரம் அப்படியே இருந்தார்.

கல் நகர்ந்தது. கால் தப்பியது. சுரங்கத்தை மூடி வெகுகாலமாகிவிட்டது. இன்றும் மாரிகுப்பம் ஸ்டேஷனில் நான் ரயில் பிடிப்பது அந்தக் காலை வைத்துக்கொண்டுதான்.

மேலே வந்ததும் என்னை டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டார். அதோடு அவர் வேலை முடிந்தது. ஆனாலும் தினமும் டியூட்டி முடிந்த பிறகு, கவுனை மாற்றிக்கொண்டு வார்டுக்கு வந்து என் கட்டிலருகே நிற்பார். கால்விரலை ஆட்டச் சொல்லிப் பார்ப்பார். “டாக்டர்தான் பாக்குறாரே, நீங்க ஏம்மா தெனம் வந்து கஷ்டப்படுறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எத்தினி பிளேன் கொண்டுபோய்க் குடுத்துகீறேன் தெரியுமா? குடுத்ததும் ரயில் ஏறித் திரும்பிடணும். அத்த ஓட்டினு போன பசங்க திரும்பி வந்தானுங்களா இல்லியான்னு ஒருத்தரும் எங்கிட்ட சொன்னதில்ல மேன்.”

எனக்கு அழுகை வந்தது.

கட்டுப் பிரித்த அன்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். வார்டின் கடைசிவரை நொண்டி நொண்டிப் போய்த் திரும்பி வந்தேன். போதும், படு என்றார் டாக்டர்.

மேட்ரனம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு வாட்டி நடந்து காட்டு மேன்,” என்றார்.

நடந்தேன்.