அணைக்காத கம்ப்யூட்டர்

செல்வமாரியைக் கெட்டிக்காரி என்று சொல்லிவிட முடியாது. எடுத்ததை விடாதவள், அவ்வளவுதான். கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, 2004இல் பரமசிவன் அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீசில் சேர்ந்தாள். பின்கட்டில் லேபிள் வரைகிறவர்கள் படங்களை ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்ப, பி.எச்.பி. என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள்.

சின்னப் படங்கள் ஏறின. இரண்டு எம்.பி.யைத் தாண்டியவை ஏறவில்லை. செட்டிங் ஃபைலைத் திறந்து வரம்பை இரண்டிலிருந்து எட்டாக்கினாள். பலனில்லை. புரோகிராமுக்குள்ளேயே எட்டு என்று ஒரு வரி சேர்த்தாள். சர்வர் படத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பிய பிறகுதான் அந்த வரிக்கு முறை வந்தது.

கணக்குப்பிள்ளை சீனி சும்மா இருக்கவில்லை. "ஏட்டி, நீ எட்டுங்க, அது ரெண்டுங்குது. மெஷினே ஒன்னைய மதிக்கலையே!"

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "இன்னைக்குள்ள மயில் லேபிள் ஏறலைன்னா வேலைய சிவகாசிக்காரன்ட்ட விட்டுருதேன். அப்புறம் ஒனக்கு இங்கன என்ன சோலி?"

பி.எச்.பி. புத்தகத்தை மறுபடி புரட்டினாள். சர்வர் புரோகிராம் தொடங்கும்போது மட்டுமே செட்டிங் ஃபைலைப் படிக்கும் என்று போட்டிருந்தது. அவளுக்கு உறைத்தது: எட்டாக்கிய பிறகு அது ஒருமுறைகூட நின்று தொடங்கவில்லை. ஆயுத பூஜையன்று நல்ல நேரம் பார்த்துச் சந்தனம் வைத்துப் போட்ட கம்ப்யூட்டர் அது. அணைக்கப்புடாது என்பது அண்ணாச்சி உத்தரவு. கரண்ட் போனாலும் இன்வெர்ட்டரில் ஓடியது. உள்ளே எதையும் நிறுத்தக்கூடாது என்று அவளாகவே அந்தச் சொல்லை நீட்டிக்கொண்டிருந்தாள். சொன்னவர் நினைத்ததும் கேட்டவள் எடுத்துக்கொண்டதும் ஒன்றுதானா என்று அதுவரை யோசிக்கவில்லை.

தெரியாமல் செய்துவிடலாம். மனம் வரவில்லை.

"அண்ணாச்சி, உள்ள ஓடுத ஒரு புரோகிராமை மட்டும் நிறுத்திப் போடணும். மெஷினை அணைக்க மாட்டேன்."

"லைட்டு அணையுமா?"

"அணையாது."

அவர் காலண்டரைப் பார்த்தார். "செவ்வாக்கெழம. நாலரை வரைக்கும் ராகு காலம். அது கழியட்டும்."

சீனி கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நாலரை தாண்டியதும் புரோகிராமை நிறுத்தி மறுபடி தொடங்கினாள். மயில் லேபிளை அனுப்பினாள். திரையில் மயில் கொண்டையில் தொடங்கித் தோகை வரை மெல்ல இறங்கி வந்தது.

அண்ணாச்சி மயிலைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியின் பச்சை லைட்டைக் குனிந்து பார்த்தார்.

"அணையலைல்லா," என்றார். "நாளைக்குச் சீக்கிரம் வந்துரு."